வேகமான ஃபைபர் சும்மா கிடக்க, பேக்கெட் ஏன் சுற்றிப் போகிறது? ஓஎஸ்பிஎஃப் எல்லை ரவுட்டர்களின் கணக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வரில் ஃபைலைச் சேமிக்கும்போது தவிக்கிறது, திறக்கும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை என்று இரண்டு வாரமாகப் புகார். ஒருநாள் மதியம் சாலையில் பள்ளம் தோண்டிய ஜேசிபி, கிளை அலுவலகத்துக்குப் போகும் லீஸ்டு லைனை, அதாவது வாடகைக்கு எடுத்த தனி இணைப்பை, அறுத்துவிட்டது. போன் அடித்தது. திட்டு வாங்கத் தயாராகத்தான் எடுத்தேன். "சார், என்ன பண்ணீங்க? இப்போ சூப்பரா இருக்கு" என்றார்கள். சாயங்காலம் கேபிளை ஒட்டிக் கொடுத்தார்கள். மறுபடியும் பழைய தவிப்பு.

லைன் அறுந்தால் வேகம், ஒட்டினால் மந்தம். எந்த ரவுட்டரும் பழுதாகவில்லை, எந்தக் கட்டளையும் தப்பாக அடிக்கப்படவில்லை. பேக்கெட் எந்த வழியில் போக வேண்டும் என்று ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கும் முறையான ஓஎஸ்பிஎஃப், தன் விதிப்படி சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அந்த விதியை நான்தான் பாதி மட்டும் தெரிந்து வைத்திருந்தேன்.

ஓஎஸ்பிஎஃப் படிக்கிற எல்லோருக்கும் முதல் நாளே ஒரு வரி மனப்பாடம் ஆகிவிடும்: காஸ்ட் (ஒவ்வொரு லிங்க்குக்கும் கொடுக்கும் விலை எண்) குறைந்த வழியைத் தேர்ந்தெடுக்கும். இது பொய்யில்லை. ஆனால் இதற்கு முன்னால் இன்னொரு வரி இருக்கிறது, அதைத்தான் மறந்துவிடுகிறோம். முதலில் வழி எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்கும்; ஒரே வகைக்குள் போட்டி வந்தால்தான் காஸ்ட்டைப் பார்க்கும்.

அந்த வகை என்ன என்று புரிய, ஏரியா என்ற ஏற்பாட்டைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

ஓஎஸ்பிஎஃப்பில் ஒவ்வொரு ரவுட்டரும் தன்னிடம் எந்தெந்த லிங்க் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் காஸ்ட் என்ன என்று ஒரு சீட்டு எழுதி எல்லோருக்கும் அனுப்புகிறது. இந்தச் சீட்டுக்குப் பெயர் எல்எஸ்ஏ (இது டைப் 1). எல்லாச் சீட்டையும் சேர்த்து வைத்தால் முழு வரைபடம் கிடைத்துவிடும். அந்த வரைபடத்தில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவின் கணக்கைப் போட்டு ஒவ்வொரு ரவுட்டரும் தனக்கான குறுகிய வழியைக் கண்டுபிடிக்கிறது. (அவர் அதை 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில், காகிதம் பேனா இல்லாமல் யோசித்ததாகச் சொல்லியிருக்கிறார். அச்சில் வந்தது 1959-இல். நமக்கு அதைப் புரிந்துகொள்ளவே இருபது நாள் ஆகிறது.)

நெட்வொர்க் பெரிதானால் வரைபடமும் பெரிதாகும். எங்கோ ஒரு கிளையில் ஒரு கேபிள் ஆடினால்கூட எல்லா ரவுட்டரும் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும். அதனால் நெட்வொர்க்கை ஏரியாக்களாகப் பிரிக்கிறோம். நடுவில் ஏரியா 0, அதாவது பேக்போன். மற்ற ஏரியாக்கள் எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஏரியா 0-இல் ஒரு கால், வேறு ஏரியாவில் ஒரு கால் என்று நிற்கிற ரவுட்டருக்கு ஏபிஆர் என்று பெயர். இந்தக் கட்டுரையில் எல்லை ரவுட்டர் என்று பெரும்பாலும் சொல்வது இதைத்தான்.

முக்கியமான இடம் இதுதான். ஒரு ஏரியாவுக்குள் இருக்கும் ரவுட்டருக்கு அந்த ஏரியாவின் வரைபடம் முழுதாகத் தெரியும். அடுத்த ஏரியாவின் வரைபடம் தெரியாது. எல்லை ரவுட்டர் அந்த வரைபடத்தைக் கடத்துவதில்லை. "10.1.5.0/24-க்குப் போகணுமா, என்னிடம் வா, என்னிலிருந்து காஸ்ட் 10" என்று ஒரு வரிச் செய்தி மட்டும் சொல்கிறது. இது டைப் 3 எல்எஸ்ஏ. (10.1.5.0/24 என்பது ஒரு சப்நெட், அதாவது ஒரு முகவரித் தொகுதி. சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் பெரிதானால் தொகுதி சிறிது.) எந்த ரவுட்டர் வழியாக, எந்த லிங்க்கில் என்பதெல்லாம் அதில் கிடையாது.

ஆக, சொந்த ஏரியாவில் இருப்பது கண்ணால் கண்டது. அடுத்த ஏரியாவில் இருப்பது எல்லை ரவுட்டர் சொல்லக் காதால் கேட்டது. ஓஎஸ்பிஎஃப் எப்போதும் கண்ணைத்தான் நம்பும். கண்ணால் கண்ட வழி மலையைச் சுற்றிப் போவதாக இருந்தாலும், காதால் கேட்ட வழி அடுத்த தெருவில் இருந்தாலும், கண்ணுக்குத்தான் முதலிடம். ஓஎஸ்பிஎஃப்புக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்த ரூட்கள் அசலூர்ச் செய்தி மாதிரி. அவற்றுக்கு இன்னும் கீழே இடம்.

ஜான் மாய் எழுதி 1998 ஏப்ரலில் வந்த, ஓஎஸ்பிஎஃப்பின் விதி ஆவணமான ஆர்எஃப்சி 2328 இந்த வரிசையைத் தெளிவாகச் சொல்கிறது. முதலில் ஏரியாவுக்குள் இருக்கும் வழி. அடுத்து ஏரியா விட்டு ஏரியா போகும் வழி. மூன்றாவது வெளி ரூட், டைப் 1. கடைசியாக வெளி ரூட், டைப் 2. சிஸ்கோ ரவுட்டரின் ரூட்டிங் டேபிளில் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியலில்) இவை முறையே ஓ, ஓ ஐஏ, ஓ இ1, ஓ இ2 என்ற எழுத்துகளோடு வரும். மேல் வகையில் ஒரு வழி இருந்தால் கீழ் வகையின் காஸ்ட்டை எடுத்துப் பார்ப்பதேயில்லை.

சரி, ஜேசிபி கதைக்கு வருவோம்.

இரண்டு கட்டிடங்கள். வடக்குக் கட்டிடத்தில் ஒரு எல்லை ரவுட்டர், தெற்குக் கட்டிடத்தில் ஒரு எல்லை ரவுட்டர். இரண்டுக்கும் நடுவே 10 ஜிகாபிட் ஃபைபர், அது ஏரியா 0-இல். கிளை அலுவலக ரவுட்டருக்கு இரண்டு கட்டிடங்களிலிருந்தும் தலா ஒரு 100 மெகாபிட் லீஸ்டு லைன், அவை ஏரியா 1-இல். சர்வர்கள் இருக்கும் 10.1.5.0/24 தெற்கு ரவுட்டரில், அதுவும் ஏரியா 1-இல். ஊழியர்கள் உட்கார்ந்திருப்பது வடக்குக் கட்டிடத்தில், "மையம்" என்று நாங்கள் அழைத்த ஒரு ரவுட்டருக்குப் பின்னால். அந்த மையம் ஏரியா 0-இல் மட்டும் இருந்தது, வடக்கு ரவுட்டரோடு 10 ஜிகாபிட்டில் இணைந்திருந்தது.

காஸ்ட் கணக்கு எளிது. ஒரு ஆதார அலைவரிசையை லிங்க்கின் வேகத்தால் வகுக்க வேண்டும். ஆதாரத்தை 100 ஜிகாபிட் என்று வைத்திருந்தோம். அதனால் 10 ஜிகாபிட் லிங்க்குக்கு 10, 100 மெகாபிட் லிங்க்குக்கு 1000.

வடக்கிலிருந்து சர்வருக்கு இரண்டு வழி. ஃபைபரில் நேராகத் தெற்குக்குப் போய் அங்கிருந்து சர்வர்: 10 + 10 = 20. இல்லையென்றால் லீஸ்டு லைனில் கிளைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு லீஸ்டு லைனில் தெற்குக்கு வந்து, சர்வர்: 1000 + 1000 + 10 = 2010. சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் 20 என்றுதான் சொல்லும்.

ஆனால் வடக்கு ரவுட்டருக்கு ஏரியா 1-இலும் ஒரு கால் இருக்கிறதே! ஏரியா 1-இன் வரைபடத்தில் சர்வர் சப்நெட்டை அது தன் கண்ணாலேயே பார்க்கிறது. அந்த வரைபடத்தில் ஃபைபர் கிடையாது, அது ஏரியா 0-இன் சொத்து. அதனால் கண்ணுக்குத் தெரிகிற ஒரே வழி கிளையைச் சுற்றிப் போகும் 2010. ஃபைபர் வழியாக இருக்கும் 20, தெற்கு ரவுட்டர் ஏரியா 0-க்குள் சொன்ன டைப் 3 செய்தி. காதால் கேட்டது. 2010 ஜெயித்தது.

வடக்கு ரவுட்டரில் ரூட்டிங் டேபிளைப் பார்த்தால் இப்படி இருக்கும்:

ஓ 10.1.5.0/24 [110/2010], கிளை வழியாக

மையத்தில் அதே சப்நெட்டைப் பார்த்தால்:

ஓ ஐஏ 10.1.5.0/24 [110/30], வடக்கு வழியாக

இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடைப்புக்குள் முதலில் இருக்கும் 110 ஓஎஸ்பிஎஃப்பின் நம்பகத்தன்மை எண், அது இரண்டிலும் ஒன்றுதான். இரண்டாவது எண்தான் காஸ்ட். மையத்துக்கு ஏரியா 1 கண்ணில் படாது. அதனால் வடக்கு சொன்ன 2010-ஐயும் தெற்கு சொன்ன 10-ஐயும் நியாயமாக ஒப்பிட்டு, தெற்குதான் நல்லது, அங்கே போக வடக்கைத் தாண்டி ஃபைபரில் போகணும், மொத்தம் 30 என்று முடிவு செய்கிறது. பேக்கெட்டை நம்பிக்கையோடு வடக்கிடம் கொடுக்கிறது. வடக்கோ தன் டேபிளைப் பார்த்து அதைக் கிளைக்குத் திருப்பிவிடுகிறது. முப்பது ரூபாய்க்கு டிக்கெட் வாங்கிய ஆளை இரண்டாயிரம் ரூபாய் பயணத்துக்கு அனுப்பிய கதை. ஒவ்வொரு ரவுட்டரும் தன் டேபிளை மட்டும் பார்த்து முடிவெடுக்கும், முந்தைய ரவுட்டர் என்ன நினைத்து அனுப்பியது என்று கேட்காது. மையத்தில் தெரிகிற 30-ஐ வைத்து வழி சரியாக இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள்.

ஜேசிபி வடக்கு–கிளை லைனை அறுத்ததும் என்ன நடந்தது என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஏரியா 1-க்குள் வடக்குக்கு இருந்த ஒரே வழி போனது. கண்ணால் கண்டது இல்லை, எனவே காதால் கேட்டதற்கு மாறியது. ஃபைபர், காஸ்ட் 20.

இந்த இடத்தில் எல்லோரும் முதலில் செய்வது காஸ்ட்டை மாற்றிப் பார்ப்பது. நானும் செய்தேன். ஃபைபரின் காஸ்ட்டை 1 ஆக்கினேன், ஒன்றும் அசையவில்லை. லீஸ்டு லைன்களின் காஸ்ட்டை அதிகபட்சமான 65535-க்கு ஏற்றினேன். டேபிளில் 2010 என்று இருந்தது 131080 ஆனது. பேக்கெட் அதே வழியில்தான் போனது. வகை வேறாக இருக்கும்போது எண்ணை எவ்வளவு மாற்றினாலும் பிரயோஜனமில்லை என்பதற்கு இதைவிடக் கண்கூடான சோதனை கிடையாது. வீட்டில் லேப் வைத்திருப்பவர்கள் நான்கு ரவுட்டரை எமுலேட்டரில் கட்டி இதை ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

எல்லை ரவுட்டர்களை மட்டும் காட்டும் ஒரு கட்டளை இருக்கிறது: ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் பார்டர்-ரவுட்டர்ஸ். வடக்கில் இதை அடித்தால் தெற்கு ரவுட்டர் இரண்டு முறை வரும். ஏரியா 0 வழியாக காஸ்ட் 10, ஏரியா 1 வழியாக காஸ்ட் 2000. ஒரே ஆளுக்கு இரண்டு வாசல். ஒரு எல்லை ரவுட்டருக்கு இப்படி இரண்டு ஏரியாவில் இரண்டு வேறு காஸ்ட் தெரிந்தால், சுற்று வழிக்கு வாய்ப்பு அங்கே காத்திருக்கிறது என்று அர்த்தம். நான் அதிகம் நம்புவது இந்தக் கட்டளையைத்தான். டைப் 1, டைப் 3 எல்எஸ்ஏக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பது அப்புறம்.

இவ்வளவு முட்டாள்தனமாகத் தெரிகிற விதி எதற்கு? லூப் வராமல் இருக்கத்தான். வரைபடம் கையில் இருக்கும்போது லூப் வராது, எல்லோரும் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள். செய்தி வாய்வழியாகப் பரவும்போதுதான் ஆபத்து. நான் உன்னிடம் சொன்னதை நீ வேறொருவரிடம் சொல்லி, அவர் அதைத் திரும்ப என்னிடமே புதுச் செய்தி போலச் சொன்னால், நான் உன்னை நம்பி, நீ என்னை நம்பி, பேக்கெட் நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும். இதைத் தவிர்க்க ஓஎஸ்பிஎஃப் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறது. எல்லா ஏரியாக்களும் ஏரியா 0 வழியாகத்தான் பேச வேண்டும். எல்லை ரவுட்டர் ஏரியா 0-இலிருந்து வரும் டைப் 3 செய்தியை மட்டும்தான் தன் கணக்கில் எடுத்துக்கொள்ளும். மற்ற ஏரியா வழியாகக் காதில் விழுவதை ஒதுக்கிவிடும். ஏரியா 0-க்குள் அது சொல்வதும் தான் கண்ணால் கண்டதை மட்டும்தான். சொந்த ஏரியா வழிக்கு முன்னுரிமை என்பதும் இதே குடும்பத்து விதி.

சரி, தீர்வு? ஃபைபரை ஏரியா 1-க்கு மாற்றிவிட்டால் போதுமே என்று தோன்றும். மாற்றினால் சர்வர் பிரச்சினை தீரும், வேறு ஒன்று முளைக்கும். அப்போது ஏரியா 0-இன் வரைபடத்திலிருந்து ஃபைபர் காணாமல் போய்விடும். தெற்கு ரவுட்டருக்கு மையத்தோடு தனியாக ஒரு மெதுவான லைன் ஏரியா 0-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மையத்துக்குப் பின்னால் இருக்கும் சப்நெட்களைத் தெற்கு அந்த மெதுவான லைன் வழியாகத்தான் "காணும்". ஃபைபர் வழியாக வடக்கு ஏரியா 1-க்குள் சொல்வது வெறும் செய்தி. அதுவும் ஏரியா 0 அல்லாத ஏரியாவில் வந்த செய்தி என்பதால், தெற்கு எல்லை ரவுட்டராக இருக்கும் வரை அதைக் கணக்கிலேயே சேர்க்காது. அந்தத் தனி லைன்கூட இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம்: தெற்கு ஏரியா 0-ஐ விட்டே துண்டாகிவிடும். இரண்டு எல்லை ரவுட்டர்களுக்கு நடுவே ஒரே ஒரு லிங்க் இருந்து, அதை ஒரே ஒரு ஏரியாவில் போட்டால், யாரோ ஒருவர் சுற்றித்தான் போக வேண்டும்.

அதனால் அந்த ஃபைபர் இரண்டு ஏரியாவிலும் இருக்க வேண்டும். பழைய, எளிய வழி: அதே ஃபைபரில் இரண்டு விலான் (ஒரே கேபிளைத் தனித்தனிக் கேபிள் போலப் பிரிக்கும் முறை) ஓட்டி, ஒரு சப்-இன்டர்ஃபேஸை ஏரியா 0-இலும் மற்றதை ஏரியா 1-இலும் வைப்பது. நாங்கள் செய்தது இதுதான். இன்னொரு வழி, 2008-இல் ஆர்எஃப்சி 5185 ஆக வந்த மல்டி-ஏரியா அட்ஜசென்சி. ஒரே இன்டர்ஃபேஸில் இரண்டாவது ஏரியாவுக்கும் ஒரு உறவை ஏற்படுத்திக்கொள்ளலாம், தனி விலானும் தனி ஐபியும் தேவையில்லை. உங்கள் பெட்டி ஆதரித்தால் அதுவே சுத்தம். விர்ச்சுவல் லிங்க் என்று ஒன்று இருக்கிறது. ஏரியா 1 வழியாக ஏரியா 0-ஐ நீட்டிக்கும். ஃபைபர் ஏரியா 1-இல் மாட்டிக்கொண்ட இரண்டாவது பிரச்சினைக்கு அது உதவும், முதலாவதற்கு உதவாது. எனக்கு அதில் பிரியமில்லை. ஆறு மாதம் கழித்து வருகிற ஆளுக்கு அது ஏன் இருக்கிறது என்றே புரியாது.

இரண்டாவது விலானைப் போட்டு காஸ்ட் 10 வைத்ததும் வடக்கின் டேபிளில் 2010 இருந்த இடத்தில் 20 வந்தது. முன்னால் இருந்த எழுத்து மாறவில்லை, அதே ஓ.

இதே மாதிரி ஆச்சரியம் தரும் வேறு இடங்களும் உண்டு. சிலவற்றில் ஓஎஸ்பிஎஃப்பின் காஸ்ட் கணக்குக்குச் சம்பந்தமே இருக்காது. உதாரணமாக, இரண்டு எல்லை ரவுட்டர்களில் ஒன்று ஏரியா 1-இன் சப்நெட்களை 10.1.0.0/16 என்று ஒரே வரியாகச் சுருக்கிச் சொல்கிறது, இன்னொன்றில் அந்தச் சுருக்கக் கட்டளையை அடிக்க மறந்துவிட்டார்கள். மறந்த ரவுட்டர் /24 /24 ஆக எல்லாவற்றையும் கொட்டும். பேக்கெட் அனுப்பும்போது ரவுட்டர் நீளமான ப்ரிஃபிக்ஸைத்தான் (சாய்கோட்டுக்குப் பின் பெரிய எண் உள்ளதை, இங்கே /24-ஐ) எடுக்கும், காஸ்ட் ஒப்பீடு அந்தப் பக்கமே வராது. விளைவு, டிராஃபிக் மொத்தமும் மறந்தவர் வீட்டு வாசலில். காஸ்ட்டை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துப்போன நண்பர் ஒருவருக்கு, இரண்டு பக்கத்து மாஸ்க்கையும் (அந்த /16, /24 எண்களை) ஒப்பிடச் சொன்னதும் பிரச்சினை ஒரு நிமிடத்தில் தீர்ந்தது.

ஆதார அலைவரிசையும் அடிக்கடி காலை வாரும். சிஸ்கோவின் பழைய ஐஓஎஸ் (ரவுட்டரை இயக்கும் மென்பொருள்) வகையில் இயல்பான ஆதாரம் 100 மெகாபிட். அதனால் 100 மெகாபிட், 1 ஜிகாபிட், 10 ஜிகாபிட் எல்லாவற்றுக்கும் காஸ்ட் 1 தான். குதிரைக்கும் கழுதைக்கும் ஒரே விலை. அதே நிறுவனத்தின் நெக்சஸ் சுவிட்சுகளில் இயல்பான ஆதாரம் 40 ஜிகாபிட். அங்கே 1 ஜிகாபிட்டுக்கு 40, 10 ஜிகாபிட்டுக்கு 4. இரண்டையும் கலந்து வைத்து ஆதாரத்தை ஒன்றாக்காமல் விட்டால், ஐஓஎஸ் பெட்டியின் 1 ஜிகாபிட் லிங்க் காஸ்ட் 1 என்று நெக்சஸின் 10 ஜிகாபிட்டை ஜெயித்துவிடும். எல்லா ரவுட்டரிலும் ஒரே ஆதாரத்தை வையுங்கள், அல்லது முக்கியமான லிங்க்குகளில் காஸ்ட்டைக் கையால் எழுதிவிடுங்கள்.

அடுத்து வெளி ரூட்கள். ஓஎஸ்பிஎஃப்புக்கு வெளியே இருக்கும் ரூட்டை உள்ளே கொண்டுவரும் ரவுட்டருக்கு ஏஎஸ்பிஆர் என்று பெயர். இதுவும் ஒரு எல்லை ரவுட்டர்தான், எல்லை வேறு. இன்டர்நெட்டுக்கு இரண்டு வாசல் வைத்திருக்கும் இடங்களில் இரண்டு ஏஎஸ்பிஆர் இருக்கும். "பக்கத்தில் இருக்கும் வாசலை விட்டுவிட்டு ஏன் தூரத்து வாசலுக்குப் போகிறது?" என்ற கேள்வி வாரம் ஒருமுறை வரும்.

முதல் சந்தேகம் இ1, இ2 கலப்பு. ஒரு வாசல் இ1 ஆகவும் மற்றது இ2 ஆகவும் அறிவித்தால், இ1-இன் காஸ்ட் ஆயிரமாக இருந்தாலும் அதுதான் ஜெயிக்கும். மறுபடியும் வகைதான் முதலில். இரண்டும் இ2 என்றால், வாசல் அறிவித்த மெட்ரிக் (அது சொல்லும் காஸ்ட்) மட்டும் முதலில் ஒப்பிடப்படும். அந்த வாசலுக்குப் போக உள்ளே எவ்வளவு தூரம் என்பது அதில் சேராது. சிஸ்கோவில் இயல்பான மெட்ரிக் 20, பிஜிபியிலிருந்து (நிறுவனங்களுக்கு இடையே வழி சொல்லும் முறை) வந்தால் 1. ஒரு வாசல் கையால் எழுதிய ஸ்டேட்டிக் ரூட்டையும் மற்றது பிஜிபி ரூட்டையும் உள்ளே விட்டு, மெட்ரிக்கை யாரும் எழுதாமல் விட்டால், ஊரே 1 இருக்கும் வாசலுக்கு ஓடும். இரண்டு மெட்ரிக்கும் சமமாக இருந்தால்தான் ஏஎஸ்பிஆருக்கு உள்ள தூரம் பார்க்கப்படும். "இ2 உள் காஸ்ட்டைப் பார்க்கவே பார்க்காது" என்று பாடம் சொல்கிறவர்கள் இந்தக் கடைசிப் பாதியை விட்டுவிடுகிறார்கள். பக்கத்து வாசலுக்கே போக வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே மெட்ரிக்கில் இ1 ஆக வைப்பதுதான் என் வழக்கம். இ1-இல் உள் காஸ்ட்டும் கூட்டப்படும்.

இதில் ஒரு மறைவிடம் இருக்கிறது. வெளி ரூட்டைச் சொல்லும் டைப் 5 எல்எஸ்ஏவில் ஃபார்வர்டிங் அட்ரஸ் என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் அது 0.0.0.0, அதாவது "என்னிடம் வா". ஆனால் ஏஎஸ்பிஆரின் வெளிப்பக்க சப்நெட்டும் ஓஎஸ்பிஎஃப்புக்குள் சேர்க்கப்பட்டிருந்தால், அந்தக் கட்டத்தில் அடுத்த ரவுட்டரின் முகவரி வந்து உட்கார்ந்துவிடலாம். அப்போது மற்ற ரவுட்டர்கள் ஏஎஸ்பிஆருக்கு உள்ள தூரத்தைக் கணக்கிடாமல், அந்த முகவரிக்கு உள்ள தூரத்தைக் கணக்கிடும். அந்த முகவரிக்கு ஓஎஸ்பிஎஃப் வழி இல்லாமல் போனால் ரூட்டே டேபிளில் ஏறாது. ஏஎஸ்பிஆரின் காஸ்ட்டை மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் இந்தக் கட்டத்தைப் போய்ப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, கலப்புப் பெட்டிகள் வைத்திருப்பவர்களுக்கு. பழைய ஆர்எஃப்சி 1583 வந்தது 1994-இல். ஏஎஸ்பிஆருக்குப் பல வழிகள் இருந்தால் அதன்படி காஸ்ட் குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம். ஆர்எஃப்சி 2328-இன் புதிய முறையோ, காஸ்ட்டைப் பார்ப்பதற்கு முன்பே, பேக்போன் அல்லாத ஏரியாவுக்குள்ளேயே போகும் வழிக்கு முன்னுரிமை கொடுக்கும். சுருக்கிய ரூட்டின் காஸ்ட்டிலும் வித்தியாசம்: பழைய முறை உள்ளே இருப்பவற்றில் சிறியதை எடுக்கும், புதியது பெரியதை. ஐஓஎஸ் இயல்பாகப் பழைய முறை, நெக்சஸ் இயல்பாகப் புதிய முறை. பழைய ரவுட்டரை எடுத்துவிட்டு நெக்சஸ் வைத்த அன்று வழி மாறினால், ஒரு வரி கட்டளையில் காரணம் இருக்கலாம். எல்லா ரவுட்டரிலும் இந்த அமைப்பு ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் லூப் வரலாம் என்று ஆர்எஃப்சி 2328-ஏ எச்சரிக்கிறது.

இப்போதெல்லாம் இப்படி ஒரு புகார் வந்தால், நான் முதலில் பார்ப்பது டேபிளில் இருக்கும் ப்ரிஃபிக்ஸின் நீளம். பிறகு அதன் முன்னால் இருக்கும் எழுத்து: ஓவா, ஓ ஐஏவா, இ1-ஆ, இ2-ஆ. நான் எதிர்பார்த்த வழிக்கு என்ன எழுத்து வந்திருக்கும் என்று யோசிப்பேன். இரண்டு எழுத்தும் வேறு என்றால் காஸ்ட் பக்கமே போக மாட்டேன், எந்த லிங்க் எந்த ஏரியாவில் இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் வரைய ஆரம்பித்துவிடுவேன். எழுத்து ஒன்றாக இருந்தால்தான் பார்டர்-ரவுட்டர்ஸ் பட்டியலை எடுத்துக் கூட்டிப் பார்ப்பது. இதைப் பேக்கெட் போகும் வழியில் இருக்கும் ஒவ்வொரு ரவுட்டரிலும் செய்ய வேண்டும். மையத்தில் தெரிந்த அந்த 30 நினைவிருக்கட்டும்.

திரும்பி வரும் வழியையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஓஎஸ்பிஎஃப்பில் காஸ்ட் என்பது பேக்கெட் வெளியேறும் இன்டர்ஃபேஸுக்கு உரியது, அதனால் போகும் வழியும் வரும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எங்கள் விஷயத்தில் ஊழியர்களின் சப்நெட் ஏரியா 0-இல் இருந்தது. தெற்கு ரவுட்டருக்கும் ஏரியா 0-இல் கால் இருந்ததால், ஃபைபர் அதன் கண்ணிலேயே பட்டது. சர்வரிலிருந்து ஊழியருக்கு வரும் பேக்கெட் நேராக ஃபைபரில் வந்தது. ஊழியரிடமிருந்து சர்வருக்குப் போவது மட்டும்தான் கிளையைச் சுற்றியது. சேமிக்கும்போது தவிப்பு, திறக்கும்போது பரவாயில்லை என்ற புகாருக்கு அர்த்தம் அதுதான்.

இரண்டு வாரம் எனக்குப் பிடிபடாமல் போனதும் அதனால்தான். நான் டிரேஸ்ரூட் (பேக்கெட் போகும் வழியை வரிசையாகக் காட்டும் கட்டளை) அடித்ததெல்லாம் தெற்குக் கட்டிடத்தின் சர்வர் அறையில் உட்கார்ந்து. அங்கே ஏசி நன்றாக இருக்கும். தெற்கு, வடக்கு, மையம் என்று ஒவ்வொரு முறையும் மூன்றே வரியில் சுத்தமாக வந்தது.